ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, பாஸ்வேர்டு இன்னும் பிறந்த தேதிதான்

போன ஜூன்ல ஸ்கூல் திறந்த ரெண்டாவது நாள், லேப்ல இருக்கிற பன்னெண்டு கம்ப்யூட்டரையும் ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பார்த்துட்டு இருந்தேன். ஏழாவது மெஷின்ல க்ரோமைத் திறந்தா ஒரு புள்ளையோட ஜிமெயில் அப்படியே திறந்து கிடக்கு. அதுக்கு முந்தின வருஷம் பத்தாவது முடிச்சிட்டுப் போன பொண்ணு, லாக்அவுட் பண்ணாம எழுந்து போயிருக்கா, லீவு முழுக்க அது அப்படியே இருந்திருக்கு. சரி எடுத்து விடுவோம்னு செட்டிங்ஸுக்குள்ள போனா சேவ் ஆன பாஸ்வேர்டு வரிசை, பதினோரு பேரோடது. அந்த மெஷின்ல விண்டோஸுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, அதனால கண்ணு படம் போட்ட பட்டனை அமுக்கினா போதும், எல்லாம் தெரியுது. பதினொண்ணுல எட்டு பிறந்த தேதி, ரெண்டு அவங்கவங்க பேரோட 123 சேர்த்தது, ஒண்ணு அப்பாவோட போன் நம்பர். அந்தப் பொண்ணோட மெயிலை நான் திறக்கல, திறக்க வேண்டிய அவசியமும் இல்ல, அட்டாச்மென்ட் பேரே வெளிய தெரியுது: ஆதார், ஜாதிச் சான்று, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். ஸ்காலர்ஷிப்புக்கு அனுப்பினது.

அவங்க வீட்டுக்கு போன் பண்ணேன், அம்மாதான் எடுத்தாங்க. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "ஏன் மிஸ், எம் பொண்ணு ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாளா?"ன்னு கேட்டாங்க. குரல் நடுங்குது. இல்லம்மா, அவ ஒரு தப்பும் பண்ணல, பாஸ்வேர்டை மட்டும் மாத்தச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வெச்சேன், ஆனா அந்தக் கேள்வி எனக்குள்ளயே நின்னு போச்சு. ஸ்கூல்ல இன்டர்நெட் பாதுகாப்புன்னு பேச்சை எடுத்தாலே புள்ளைங்க என்ன தப்பு பண்ணுதுங்கன்னுதான் எல்லாரும் யோசிக்கிறோம், பெரியவங்க நாம அவங்களைப் பத்தின விவரத்தை எங்கெங்க இறைச்சு வெச்சிருக்கோம்னு யோசிக்கிறதே இல்ல. நான் லேப்ல பார்த்த வரைக்கும் ஓட்டை பெரும்பாலும் இந்த ரெண்டாவது பக்கம்தான் இருக்கு.

தமிழ்நாட்டுல வகுப்பறைக்குள்ள டெக்னாலஜி வந்த வரிசையைக் கொஞ்சம் பாருங்க. 2011-ல இலவச லேப்டாப். 2017-ல பாடங்களை ஆன்லைன்ல கொடுக்கிற மத்திய அரசோட திக்‌ஷா தளம், 2018-ல புதுப் பாடப்புத்தகம் வந்தப்ப பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு, 2019-ல கல்வித் தொலைக்காட்சி. அதுக்கப்புறம் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்னு அரசு அறிவிச்சு கொடுத்துட்டு வருது. இதெல்லாம் நல்ல விஷயம், எனக்கு அதுல சந்தேகமே இல்ல, இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு போர்டுல வரைஞ்சு காட்டுறதுக்கும் அது துடிக்கிறதை பெரிய திரையில பார்க்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பின் பெஞ்சுல உக்காந்திருக்கிற பையனோட முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆனா ஸ்மார்ட் போர்டுல ஆபத்து கம்மி. டீச்சர் பக்கத்துல நிக்கிறாங்க, நாப்பது பேர் ஒரே திரையைப் பார்க்கிறாங்க, தப்பா ஒண்ணு வந்தா உடனே நிறுத்திடலாம். உண்மையான மாற்றம் 2020 மார்ச்ல ஸ்கூல் மூடினப்ப நடந்துச்சு. அதுவரைக்கும் கம்ப்யூட்டர்னா லேப்ல இருக்கிறது, பீரியடு முடிஞ்சா பூட்டிட்டு வரலாம். அன்னைல இருந்து வகுப்பறைங்கிறது அம்மா போனுக்குள்ள போயிடுச்சு, ஸ்கூல் திரும்பத் திறந்த பிறகும் அது முழுசா வெளிய வரல. இன்னைக்கும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்லதான் வருது, சாயங்காலம் ஆறு மணிக்கு "அம்மா போன் குடு, மிஸ் ஏதோ அனுப்பியிருக்காங்க"ன்னு புள்ளை கேட்டா மறுக்க முடியுமா. அப்போ 2020 ஜூலைல மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்ப கல்வி அமைச்சகம்) பிரக்யாதான்னு ஒரு வழிகாட்டி போட்டுச்சு, ஒண்ணுல இருந்து எட்டாவது வரைக்கும் ஒரு நாளைக்கு முப்பதுல இருந்து நாப்பத்தஞ்சு நிமிஷ வகுப்பு ரெண்டுக்கு மேல வேண்டாம், ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நாலுக்கு மேல வேண்டாம்னு. வகுப்பு நேரத்துக்கு கணக்கு இருந்துச்சு. வகுப்பு முடிஞ்சதும் அந்தப் போன் யார் கைல, எந்த அக்கவுன்ட்ல திறந்து இருக்குங்கிறதுக்கு வீட்டுல கணக்கு இல்ல.

அக்கவுன்ட்டுன்னு சொன்னதும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஏழாவது படிக்கிற பையன் ஜிமெயில் திறக்கிறான். பிறந்த வருஷம் கேக்குது. உண்மையைப் போட்டா பதிமூணு வயசு ஆகல, பெற்றோர் அக்கவுன்ட்டோட சேர்த்துதான் திறக்க முடியும்னு சொல்லுது. பக்கத்துல இருக்கிறவன், "டேய் 1995-னு போடுறா"ங்கிறான். திறந்துடுச்சு. சில வீட்டுல அப்பாவே இப்படிப் போட்டுக் கொடுத்திருக்காரு, சில இடத்துல அவசரத்துக்கு டீச்சரே. இப்ப என்ன ஆச்சுன்னா, அந்த கம்பெனியோட கண்ணுக்கு அந்தப் பையன் முப்பது வயசு ஆளு. 2021-ல இருந்து பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற அக்கவுன்ட்டுக்கு கூகுள் தேடல்ல ஆபாசத்தை வடிகட்டுற செட்டிங் தானாவே ஆன் ஆகும், யூடியூப்ல ஒரு வீடியோ முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடாது. இன்ஸ்டாகிராம்ல 2025-ல இருந்து இந்தியாவுலயும் டீன் அக்கவுன்ட் வந்திருக்கு, புள்ளைங்க அக்கவுன்ட் தானா பிரைவேட் ஆயிடும், தெரியாதவங்க மெசேஜ் அனுப்ப முடியாது. இத்தனையும் அந்த ஒரு பிறந்த வருஷத்தை நம்பித்தான் நிக்குது. அதைப் பொய்யாப் போட்டா மத்த எல்லாம் போச்சு. அதனால ஸ்கூல்ல அக்கவுன்ட் வேணும்னா ஸ்கூலே மாணவர் அக்கவுன்ட் உருவாக்கிக் கொடுக்கிற முறை இருக்கே, அதைப் பண்றதுதான் சரி. கூகுள், மைக்ரோசாஃப்ட் ரெண்டுலயும் பள்ளிகளுக்கான அடிப்படை வசதி இலவசம், யாருக்கு வெளியாள் மெயில் வரலாம் வரக்கூடாதுன்னு ஸ்கூல்ல ஒருத்தர் முடிவு பண்ணி வெக்கலாம், புள்ளை பாஸ்வேர்டை மறந்தா மாத்திக் கொடுக்கலாம். வேலை கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை பண்ற வேலை.

பாஸ்வேர்டு விஷயத்துக்கு வர்றேன். பிறந்த தேதியை வெச்சா என்ன, நம்ம ஊர் பள்ளிக்கூடத்தை எவன் வந்து ஹேக் பண்ணப் போறான்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க. அமெரிக்காவுல பவர்ஸ்கூல்னு ஒரு கம்பெனி, ஆயிரக்கணக்கான பள்ளிகளோட மாணவர் பதிவேடு அவங்ககிட்டதான். 2024 டிசம்பர்ல அதுக்குள்ள பூந்து 6 கோடிக்கு மேல மாணவர்களோட விவரத்தை எடுத்துட்டாங்க, பண்ணினது பத்தொன்பது வயசு பையன், கோர்ட்டுல குற்றத்தை ஒத்துக்கிட்டான். பெரிய மாய வித்தை எதுவும் இல்ல. எங்கயோ திருடின ஒரே ஒரு பாஸ்வேர்டு, அந்த இடத்துல ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டும் கிடையாது. நம்ம திக்‌ஷாலயும் நடந்துச்சு, கிளவுடுல ஒரு சேமிப்பகம் பூட்டு இல்லாம ஒரு வருஷத்துக்கு மேல திறந்து கிடந்து, 10 லட்சத்துக்கு மேல ஆசிரியர்களோட பேரு, போன் நம்பர், மெயில், கூடவே சுமார் 6 லட்சம் மாணவர்களோட விவரம் வெளிய தெரியுற மாதிரி இருந்ததுன்னு 2023 ஜனவரில செய்தி வந்துச்சு. பெரிய இடத்துல நடந்ததுக்கும் எங்க லேப்ல ஏழாவது மெஷின்ல நடந்ததுக்கும் வித்தியாசம் அளவுலதான்.

அதுலயும் பிறந்த தேதி ரகசியமே இல்ல. ஹால் டிக்கெட்ல இருக்கு, டிசில இருக்கு, பிறந்தநாள் அன்னைக்கு கிளாஸ் குரூப்ல கேக் படத்தோட வருது. ஜெராக்ஸ் கடைல என்ன நடக்குதுன்னு ஒரு நாள் நின்னு பாருங்க. அட்மிஷன் சீசன்ல கடைக்காரர் வாட்ஸ்அப் நம்பரை சுவத்துல ஒட்டியிருப்பாரு, ஜனங்க வரிசையா ஆதார், மார்க்‌ஷீட், ஜாதிச் சான்று, போட்டோ எல்லாம் அந்த நம்பருக்கு அனுப்பி பிரின்ட் எடுத்துட்டுப் போறாங்க. எடுத்துட்டுப் போனது பேப்பரைத்தான், ஃபைல் அங்க கம்ப்யூட்டர்ல டவுன்லோட்ஸ்லயே இருக்கு. கடைக்காரர் மேல தப்பு சொல்லல, அவரு வேலையைத்தான் பாக்குறாரு, ஆனா அழிச்சிடுங்கண்ணான்னு யாரும் கேக்கிறதில்ல, நானே போன வருஷம் வரைக்கும் கேட்டதில்ல.

இந்த விவரம் வெளிய போனா அது எப்படித் திரும்பி வரும்னா போன் காலா வரும். "கல்வித்துறைல இருந்து பேசுறோம், உங்க பையன் இன்ன ஸ்கூல்ல பத்தாவது பி செக்‌ஷன்தானே, முப்பதாயிரம் ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகியிருக்கு"ம்பாங்க. பையன் பேரு சரி, ஸ்கூல் சரி, செக்‌ஷன் கூட சரி, அப்புறம் எந்த அம்மா சந்தேகப்படுவாங்க? வாட்ஸ்அப்புல ஒரு க்யூஆர் கோடு வரும், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க பணம் ஏறிடும்பாங்க. போட்டா பணம் போயிடும். இதுல ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா போதும், யுபிஐல பணம் அனுப்பத்தான் பின் வேணும், வாங்க பின் வேண்டவே வேண்டாம். இதை நான் லேப் வாசல்ல பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன், புள்ளைங்க வீட்டுல போய்ச் சொல்லட்டும்னு. பணம் போயிட்டா 1930-ங்கிற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே போன் பண்ணணும், எவ்வளவு சீக்கிரம் பண்றோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலயே நிறுத்தி வெக்க வாய்ப்பு இருக்கு, விடியட்டும் பாத்துக்கலாம்னு விட்டா கஷ்டம்.

சட்டம் என்ன சொல்லுது? 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயசு வரைக்கும் எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது. அவங்க விவரத்தை எடுக்கணும்னா பெற்றோர் சம்மதம் வேணும், அதுவும் சரிபார்க்கக்கூடிய சம்மதம். குழந்தையைப் பின்தொடர்ந்து என்ன பாக்குது எங்க போகுதுன்னு கவனிக்கக் கூடாது, அதை வெச்சு விளம்பரம் காட்டக் கூடாது. மீறினா 200 கோடி ரூபா வரைக்கும் அபராதம். விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர பதினெட்டு மாசம் டைம் கொடுத்திருக்காங்க. ஸ்கூலுக்கு ஒரு விலக்கும் இருக்கு, படிப்புக்காகவும் புள்ளைங்க பாதுகாப்புக்காகவும் கவனிக்கலாம்னு. அந்த விலக்கு தேவைதான், ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் பார்க்கலாம்னு ஒரு ஸ்கூல் நினைச்சா அது எங்க போய் முடியும்ங்கிறதுக்கு பழைய கதை ஒண்ணு இருக்கு. பென்சில்வேனியாவுல லோயர் மெரியன்னு ஒரு பள்ளி மாவட்டம், மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தாங்க, தொலைஞ்சா கண்டுபிடிக்கிறதுக்குன்னு அதுல ஒரு சாஃப்ட்வேர். அது வீட்டுல இருக்கிறப்பவும் கேமராவுல படம் எடுத்துட்டே இருந்திருக்கு, பெட்ரூம்ல உக்காந்திருக்கிற பையனோட படத்தைக் காட்டி ஸ்கூல்ல விசாரிச்சாங்க, மாத்திரைன்னு அவங்க நினைச்சது மிட்டாய்னு வீட்டுல சொன்னாங்க. 2010-ல கேஸ் ஆச்சு, மொத்தம் 56,000 படத்துக்கு மேல எடுத்திருந்தது தெரிஞ்சது, 6,10,000 டாலர் கொடுத்து சமரசம் பண்ணாங்க. பாதுகாப்புன்னு ஆரம்பிச்சதுதான் அது.

இனி சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்ப மனசுல இருக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு பீரியடு முடிஞ்சும் வெளிய போகாம ஒயரைச் சுத்துற மாதிரி நின்னுட்டு இருந்தா. என்னம்மான்னு கேட்டா ஒண்ணும் இல்ல மிஸ்னா. அடுத்த வாரமும் அதே. மூணாவது வாரம்தான் சொன்னா, ஆண்டு விழா டான்ஸ் படத்துல இருந்து அவ முகத்தை எடுத்து யாரோ ஆபாசப் படத்தோட ஒட்டி அவளுக்கே அனுப்பி, பதில் பேசலைன்னா கிளாஸ் குரூப்ல போடுவேன்னு மிரட்டியிருக்கான். அந்த ஆண்டு விழாப் படத்தை நெட்ல போட்டது நாங்கதான், பேரோட, வகுப்போட. ஏன் கண்ணு, முன்னாடியே சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க, அப்புறம் ஸ்கூலுக்கே வேண்டாம்னு சொல்லிடுவாங்க மிஸ்"னா. மூணு வாரம் சரியாத் தூங்கியிருக்க மாட்டா.

இந்த மாதிரி ஒண்ணு வந்தா ஸ்கூல்ல என்ன பண்ணணும்ங்கிறதுல பெரிய குழப்பம் இருக்கு, அதனால விவரமாச் சொல்றேன். முதல்ல, இதை ஸ்கூலுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்னு நினைக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து பாதுகாக்கிற போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாகணும், சொல்லாம விட்டா ஆறு மாசம் வரைக்கும் தண்டனை, தன்கீழ வேலை செய்யுறவங்க பண்ணதை நிறுவனப் பொறுப்புல இருக்கிறவர் மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். ஸ்கூல் பேரு கெட்டுடும்னு மூடி வெக்கிறதுக்கு சட்டத்துல இடம் இல்ல. ரெண்டாவது, நல்ல எண்ணத்துலயே நடக்குற பெரிய தப்பு ஒண்ணு: ஆதாரம் வேணும்னு அந்தப் படத்தை ஒரு டீச்சர் தன் போனுக்கு வாங்கி, அங்க இருந்து எச்எம்முக்கு அனுப்பி, அங்க இருந்து ஸ்டாஃப் குரூப்புக்குப் போகும். ஒவ்வொரு ஃபார்வேர்டும் அந்தப் புள்ளையோட படம் இன்னொரு போனுக்குப் போறது, சட்டத்தோட கண்ணுலயும் அது பரப்புறதா ஆகலாம். 2024 ஜனவரில, குழந்தைகள் ஆபாசப் படத்தைத் தனியா வெச்சுப் பார்த்தது குற்றம் ஆகாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து பண்ணுச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து பண்ணி, அழிக்காம சொல்லாம வெச்சிருக்கிறதே குற்றம் ஆகலாம்னு தெளிவாச் சொல்லிடுச்சு. அதனால படத்தைக் கைமாத்தாதீங்க, மெசேஜ் புள்ளையோட போன்லயே இருக்கட்டும், எந்த அக்கவுன்ட், எந்த நாள், எந்த நேரம்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு போனோட போலீஸ்கிட்ட போங்க. 1098 குழந்தைகள் உதவி எண், 14417 நம்ம பள்ளிக்கல்வித் துறையோடது. தேசிய சைபர் கிரைம் தளத்துல குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பேர் சொல்லாமலும் கொடுக்கலாம்.

மிரட்டுறவன் பரப்பிடுவானோன்னு பயந்தா டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு, அமெரிக்காவுல காணாமப் போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துறது, எந்த நாட்டுல இருந்தும் பயன்படுத்தலாம். அது எப்படி வேலை செய்யுதுன்னா, படத்தை எங்கயும் அனுப்ப வேண்டியதில்ல, நம்ம போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் வரிசை உருவாகும், அந்த எண் மட்டும்தான் போகும், அதே படம் ஃபேஸ்புக் இன்ஸ்டாகிராம் மாதிரி சேர்ந்திருக்கிற தளங்கள்ல ஏறினா அவங்க அடையாளம் கண்டு எடுக்க முடியும். வாட்ஸ்அப்புக்குள்ள போறதை அதால தடுக்க முடியாது, அந்த எல்லையையும் புள்ளைகிட்ட உண்மையாச் சொல்லிடணும்.

2021 மே மாசம் சென்னைல ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் ஆன்லைன் வகுப்புல நடந்துக்கிட்ட விதத்துக்காக போக்சோல கைதானாரே, அதை வெளிய கொண்டு வந்தது வருஷக்கணக்கா மனசுல வெச்சிருந்த பழைய மாணவிங்க. அதுக்கப்புறம்தான் அரசு ஆன்லைன் வகுப்பைப் பதிவு பண்ணணும், அதை ஒரு குழு பார்க்கணும்னு உத்தரவு போட்டுச்சு. எனக்கு அதுல படுறது, பதிவு பண்றது நல்லது, ஆனா ஒரு புள்ளை வந்து சொன்னா அவளுக்கு தண்டனை கிடையாதுன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கணும். போனைப் புடுங்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்னு வீட்டுல வாயால சொல்லியிருக்கணும், அதுவும் எதுவும் நடக்கிறதுக்கு முன்னாடியே. இதை நான் பேரன்ட்ஸ் மீட்டிங்ல சொன்னப்ப ஒரு அப்பா எழுந்து, "அப்ப என்ன தப்பு பண்ணாலும் விட்டுடணுமா மிஸ்"னு கேட்டாரு. மிரட்டப்பட்டது உங்க பொண்ணு சார், மிரட்டினவன் இல்லன்னேன். உக்காந்துட்டாரு, மீட்டிங் முடிஞ்சு தனியா வந்து அந்த 1098 நம்பரைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாரு.

லேப்ல இப்ப நாங்க பண்றது ரொம்ப சின்ன வேலைங்க. எல்லா மெஷின்லயும் க்ரோம் கெஸ்ட் விண்டோவுலதான் திறக்கும், மூடினதும் எல்லாம் அழிஞ்சிடும். பென் டிரைவ்ல இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறுற வைரஸ் வருஷாவருஷம் வந்துட்டு இருந்துச்சு, இப்ப என் மேஜைல இருக்கிற ஒரு மெஷின்ல ஸ்கேன் பண்ணாம எதுவும் உள்ள போகாது. பாஸ்வேர்டுக்குன்னு ஒரு பீரியடு ஒதுக்கினேன். பெரிய எழுத்து சின்ன எழுத்து குறியீடுன்னு சொன்னா புள்ளைங்க மறந்துடுதுங்க, அதனால சம்பந்தம் இல்லாத நாலு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து அடிக்கச் சொன்னேன். வேப்பமரம், சைக்கிள் செயின், மாமாவோட மூக்குக்கண்ணாடின்னு ஆளாளுக்கு உதாரணம் சொல்லிப் பழகிட்டு, உண்மையா வெச்சதை யாருக்கும் காட்டாம எழுதினாங்க. நீளமா இருக்கிறதால ஊகிக்கிறது கஷ்டம், அவங்களுக்கோ மறக்கவே மறக்காது. ஆண்டு விழாப் படத்தை இப்பவும் போடுறோம், தூரத்துல இருந்து எடுத்த கூட்டப் படம் மட்டும், பேர் கிடையாது, வகுப்பு கிடையாது. மார்க் லிஸ்ட் குரூப்புக்குப் போறதில்ல, அவங்கவங்க வீட்டுக்குத் தனியாப் போகுது.

வர்ற வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் இருக்கு. மூணு கேள்வி எழுதி வெச்சிருக்கேன்: நம்ம புள்ளைங்க விவரம் எந்தெந்த ஆப்ல எல்லாம் இருக்கு, டிசி வாங்கிட்டுப் போன புள்ளையோட அக்கவுன்ட்டை யார் மூடுறது, புள்ளை வந்து சொன்னா கேட்டுக்க வேண்டிய டீச்சர் யாரு, அவங்க பேரு எல்லா வகுப்பு சுவத்துலயும் இருக்கா. மூணாவதுக்கு என் பேரைக் கொடுக்கலாம்னு இருக்கேன். ஏழாவது மெஷின் பொண்ணு இப்ப பதினொண்ணாவது, வேற ஸ்கூல்ல, போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தப்ப, "அம்மாவோட ஜிமெயிலும் பிறந்த தேதிதான் வெச்சிருந்தாங்க மிஸ், அதையும் மாத்திட்டேன்"னா.